பார்த்துக்கொண்டிருப்பவர்கள்

ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் கல்மடைக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கடையைப் பாதி சாத்திவிட்டு, சாப்பிட்ட கையை அரைகுறையாகக் கழுவிவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, குலையோடு மிதந்து வருகிற வாழை யார் தோட்டத்து வாழை என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே கிடக்கிற சின்ன ஊர் அது. வேறு என்ன வேடிக்கை இருக்கிறது அங்கே?

இருபத்துமூன்றாம் வருஷத்து மார்கழி மழையில் அசன் மைதீனும் அப்படித்தான் போனார். அம்பாசமுத்திரத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். மழையில் மண்டிக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் உலாத்திப் பார்த்தார், முடியவில்லை. "பாத்துட்டு வந்துருதேன் மஹ்மூதா" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஊரே பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரோ ஆற்றுப் பக்கமிருந்து வரவில்லை. ஏறிய ஆறு வாய்க்காலைத் திருப்பித் தள்ள, வாய்க்கால் கரையை உடைத்துக்கொண்டு கீழத்தெரு வீடுகளின் பின்வாசல் வழியாக உள்ளே புகுந்தது. அவர் மனைவி மஹ்மூதா பீவி அப்போது அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் மதியம் அவளை யாருடைய வாழைத்தோட்டத்திலிருந்தோ எடுத்து வந்தார்கள்.

அவர் மகன் யாசர் சார்ஜாவில் வேலையில் இருந்தான். யாசரின் மனைவி ஹம்னா தலைப்பிரசவத்துக்கு மேலப்பாளையத்தில் தாய்வீட்டில் இருந்தாள். கைக்குழந்தையோடு அவள் கல்மடைக்குத் திரும்பி வந்தபோது, சுவரில் ஆளுயரத்துக்குச் சேற்றுக்கோடு இருந்தது. மாமனார் அதற்கு வெள்ளையடிக்க விடவில்லை.

ஹம்னா கம்ப்யூட்டர் படித்தவள், வீட்டிலிருந்தபடியே வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறவள். ஜமாத்தில் இருந்து ஆள் வந்து கேட்டார்கள். பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஊதுகிற மின்சாரச் சங்கு இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் ஏறினால் அந்தச் சங்கு தானாக ஊதுகிற மாதிரி செய்ய முடியுமா என்று. முடியும் என்றாள். பாலத்துத் தூணில் தண்ணீர்மானி ஒன்றைக் கட்டினார்கள். அது அனுப்புகிற அளவை வாங்க, பள்ளிவாசல் மாடியறையில் கையகலக் கம்ப்யூட்டர் ஒன்று. அதில் ஓடுவது ஹம்னாவின் புரோகிராம். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அவரவர் போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு பக்கமும் செய்து கொடுத்தாள். முதல் மாதம் ஊரே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஊருக்கு அலுத்துப்போயிற்று.

அலுத்த பிறகுதான் அது சாக ஆரம்பித்தது.

"தங்கச்சி, மறுபடியும் மவுத்தாப் போச்சு" என்று காலையிலேயே போன் வரும். பேசுவது மோதினார் முஆத், ஹம்னாவுக்குக் காக்கா, அண்ணன் முறை. பாங்கு சொல்வதோடு சேர்த்து அந்தக் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்ளும்படி ஜமாத் அவர் தலையில் கட்டியிருந்தது.

"சாவுறதுக்கு முன்னால என்னமும் காட்டிச்சா காக்கா?"

"என்னத்தக் காட்டும்? பச்ச லைட்டு எரியும்லா, அது எரியல. ஒயரப் புடுங்கிச் சொருவுனேன், எந்திரிச்சிட்டு. தங்கச்சி, நான் சொல்லுதேன்னு நெனைக்காத. அந்த ரூம்புல ஏதோ இருக்கு. எங்க வாப்பா மோதினாரா இருந்த காலத்துலயே அங்கன ஒத்தையில யாரும் படுக்க மாட்டாவ."

"ஜின்னுக்கு என் புரோகிராம் மேல என்ன கோவம் காக்கா?"

"சிரிக்காத. எதுக்கும் ஒரு யாசீன் ஓதிருதேன்."

"ஓதுங்க. நானும் இங்கன இருந்து பாக்குதேன்."

சிரித்துவிட்டு லேப்டாப்பில் அது எழுதி வைத்த பதிவுகளைப் புரட்டினாள். ஒரு புரோகிராம் விழுந்தால், இன்ன இடத்தில் தடுக்கினேன் என்று ஒரு வரியாவது புலம்பிவிட்டு விழும். இது புலம்பவே இல்லை. தண்ணீர் அளவைப் பதிந்துகொண்டே வந்து, பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்டது போல நின்றிருந்தது. தண்ணீர்மானியைச் செய்த கம்பெனி, அதனோடு பேசுவதற்கு சி மொழியில் ஒரு லைப்ரரி கொடுத்திருந்தது. ஹம்னா எழுதியது பைத்தானில். இரண்டுக்கும் பாஷை வேறு என்பதால் நடுவில் துபாஷி வேலை பார்க்க ஒரு இணைப்பையும் அவளே எழுதியிருந்தாள். விழுவது அந்த நடுவில்தான் என்று அவளுக்குச் சந்தேகம். ஆனால் கண்ணால் பார்த்தால்தானே பிடிக்க முடியும்? லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே, வெங்காயம் உரித்துக்கொண்டே, நாள் முழுக்கக் காவல் இருப்பாள். அவள் காவலிருக்கிற நாளில் அது கல்லுக்குண்டு மாதிரி ஓடும். சரி, சரியாகிவிட்டது என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தால் விடியும்போது முஆதின் போன் வரும்.

ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. மேற்கே மலை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. குறுக்குத்துறைப் பக்கம் மண்டபம் முங்கிவிட்டது என்று திருநெல்வேலியிலிருந்து வருகிற பஸ்காரர்கள் சொன்னார்கள். ஆறு ஒரு சத்தமும் போடாமல் கலங்கலாக, கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. ஹம்னாவுக்கு அந்தச் சத்தமில்லாமைதான் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் இருந்த கவலை வேறு. அசன் மைதீனுக்கென்று பெரிய திரையுள்ள ஒரு டேப் வாங்கி, தண்ணீர் அளவுப் பக்கத்தை அதில் திறந்து, முன்னறைச் சுவரில் காபா படத்துக்குக் கீழே மாட்டிக் கொடுத்திருந்தாள். அவர் மண்டியை விட்டார், சந்தையை விட்டார், அந்த டேப் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். திரை மங்கும்போதெல்லாம் விரலால் ஒரு தட்டு. பிறகு பள்ளிவாசலுக்குப் போவதையும் விட்டார். முசல்லாவை வீட்டிலேயே விரித்துத் தொழுதார். சலாம் கொடுக்கத் தலையைத் திருப்பும்போது டேப் கண்ணில் படுகிற மாதிரி அதை விரித்திருந்தார் என்பதை ஹம்னா ஒருநாள் கவனித்தாள்.

பத்தமடையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஷம்ஸியா சேதி கேட்டு வந்து இறங்கினாள். வந்ததும் வாப்பாவின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வெள்ளிக்கெழம ஜும்ஆவுக்குக் கூடப் போவலையாமே வாப்பா?"

"நான் போனா அது செத்துப்போவுது ஷம்ஸியா."

"எது?"

"அதுதான்" என்று டேப்பைக் காட்டினார். "விடியக்காலம் சுபுஹுக்குப் போயிட்டு வந்து பாத்தா செத்துக் கெடக்கு. அசந்து ஒறங்கிட்டா செத்துக் கெடக்கு. கண்ண எடுத்தா போயிருது. பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆவாது."

"நீங்க பாக்கதுக்கும் அது ஓடுறதுக்கும் என்ன வாப்பா சம்பந்தம்? அது எங்கனயோ பள்ளி மாடியில கெடக்கு."

"எனக்கென்ன தெரியும்? பாத்தா நிக்குது."

ஷம்ஸியா அடுக்களைக்குள் வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "மைனி, ஒங்க காலப் புடிச்சுக் கேக்கேன். உம்மா போன நாள்லயிருந்து வாப்பா நேரா இல்ல. இப்ப இது வேற. ஊர்ல ஒருத்தன் வாயில பைத்தியம்னு விழுந்திட்டுன்னா அப்பறம் அழிக்க முடியாது. பாளையங்கோட்டைல ஒரு டாக்டர் இருக்காவ, மனசு சரியில்லாதவியளப் பாக்குறவிய. கூட்டிட்டுப் போயிருவோம்."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாள் ஹம்னா. அவளுக்கும் அவர் சொல்வது உளறலாகத்தான் பட்டது. ஒரு புரோகிராம் ஓடுவதற்கும் அதை ஒரு ஆள் பார்ப்பதற்கும் என்ன உறவு? எட்டாம் வகுப்புப் பிள்ளை கூட நம்பாது.

டேப்பைச் சுவரிலிருந்து கழற்றும்போது அசன் மைதீன் தடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதார். ஐம்பது வாழைத்தாரை ஒரு மூச்சில் ஏலம் விட்ட மனுசன், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதார். ஷம்ஸியா டேப்பை அணைத்துவிட்டுத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஹம்னா லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். வாடகைக் காரில் பாளையங்கோட்டைக்குப் போனார்கள்.

டாக்டர் நல்ல மாதிரி மனிதர். அசன் மைதீனிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு பெண்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். "பயப்பட ஒண்ணுமில்லம்மா. அன்னைக்குக் கண்ணு வேற பக்கம் இருந்துட்டுதேங்கிற வேதனை. இப்ப கண்ண எடுக்காம இருந்தா எதையும் தடுத்துரலாம்னு மனசு நம்புது. தூக்கத்துக்கு மாத்திரை தாரேன். அவரு பாக்கதுக்கும் மெஷின் ஓடுறதுக்கும் சம்பந்தம் இல்லன்னு பைய, திரும்பத் திரும்ப சொல்லுங்க. அது ஒண்ணுதான் முக்கியம்."

வெளியே வந்து மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முஆத்.

"மவுத்து தங்கச்சி."

"எப்ப காக்கா?"

"மத்தியானம் லுஹர் முடிஞ்சு மாடியில ஏறிப் பாத்தேன், கெடக்கு. யாசீன் ஓதியும் கேக்கலியே."

அவள் போனை வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அசன் மைதீன் நிமிர்ந்து மருமகளின் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பவும் தலையைக் குனிந்துகொண்டார்.

கார் அம்பாசமுத்திரம் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நட்ட வயலில் தண்ணீர் நின்றது. ஷம்ஸியா தூங்கிவிட்டாள். ஹம்னாவின் மண்டைக்குள் ஒரே கேள்வி ஓடியது. மாமா இங்கே இருக்கிறார், டேப் பைக்குள் இருக்கிறது, என் லேப்டாப் மூடிக் கிடக்கிறது. அந்தப் பக்கத்தை இப்போது யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? ஒருத்தருமில்லை. இதற்கு முன்னால் விழுந்த விடியற்காலைகளில் யார் பார்த்தார்கள்? ஒருத்தருமில்லை. திருடனைப் பிடிக்கிறேன் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் புரோகிராமில் ஒரு சின்ன வேலை செய்தாள். பக்கத்தின் மூலையில், அதை இப்போது யார் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பேர் தெரிகிற மாதிரி ஒரு வரி சேர்த்தாள். 'பார்த்துக்கொண்டிருப்பவர்கள்' என்று அதற்குத் தலைப்பு. தன் போனுக்கு ஹம்னா என்று பேர் கொடுத்தாள். சுவரிலிருந்து கழற்றிய டேப்புக்கு மாமா என்று கொடுத்தாள். மற்றவர்கள் திறக்கும்போது அது அவரவர் பேரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பிறகு போனில் இருக்கிற ஊர்க் குழுவில் ஒரு சேதி போட்டாள்: இன்றைக்கு மட்டும் யாரும் ஆற்றுப் பக்கத்தைத் திறக்கவேண்டாம். எல்லாப் பேரும் போய்ப் பட்டியல் காலியானதை, பக்கத்தைத் திறக்காமல், வீட்டிலிருந்தபடியே மாடியறைக் கம்ப்யூட்டருக்குள் நேராக நுழைந்து பார்த்துக்கொண்டாள். உலை வைத்தாள். புளியாணத்துக்குக் கரைத்து ஊற்றினாள். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் செத்துக் கிடந்தது.

முஆதை மாடி ஏறச் சொல்லி அதை எழுப்பினாள். மறுபடி காத்திருந்தாள். மறுபடி செத்தது. மாதக்கணக்காகப் போக்குக் காட்டியது இப்போது கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து விழுந்தது. ஹம்னா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தை மிரண்டு அழுதது.

சாயந்திரம் யாசரிடம் போனில் சொன்னாள். அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவன் வேலை குளிர்சாதனக் குழாய் பொருத்துவது.

"தண்ணிமானிப் பக்கம் இருக்குற ஒரு ஆளுகிட்ட, தண்ணி அளவு வர வர இந்த வீட்டுக் கதவத் தட்டிச் சொல்லுங்கன்னு அட்ரஸ் குடுத்து வச்சிருக்கோம்னு வைங்க. வெளங்குதா?"

"ம்."

"நம்ம புரோகிராமுக்குள்ள கூட்டிப் பெருக்குறவ ஒருத்தி இருக்கா. யாரும் கையில புடிச்சிக்கிடாத சாமான் எல்லாத்தையும் அள்ளி வெளிய போடுறது அவ சோலி. வீட்டையும் இடிச்சிருவா. அட்ரஸ் வாங்கிட்டுப் போனவன் வேற பாஷைக்காரன். அவன் அந்த வீட்ட நம்பி இருக்கான்னு இவளுக்குத் தெரியாது. யாருக்கும் வேண்டாத வீடுன்னு இடிச்சிட்டுப் போயிருதா. அவன் வந்து தட்டுதான். கதவும் இல்ல, வீடும் இல்ல. அப்படியே குழியில விழுந்துருதான். புரோகிராமும் அவனோட சேந்து விழுந்துருது."

"சரி, பக்கத்த யாராச்சும் தொறந்து வச்சிருந்தா?"

"அவங்க கை அந்த வீட்டப் புடிச்சிருக்கும். ஆள் இருக்குன்னு அவ தொட மாட்டா. கடைசி ஆளும் மூடிட்டுப் போனாத்தான் இடிப்பா. அதுவும் ஒடனே இல்ல, அவளுக்குத் தோணுற நேரத்துல. அதான் எனக்குப் புடிபடல."

"அப்ப வாப்பா சொன்னது?"

"அவ்வளவும் சரி."

"சொல்லிரு ஹம்னா. பைத்தியம்னு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனோம்லா. அந்த வாயாலயே சொல்லிரு. மனசு ஆறுவாவ."

சரி செய்ய ஒரே ஒரு வரிதான் வேண்டியிருந்தது. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தக் கதவைப் புரோகிராமே எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும்படி எழுதினாள். ஒருத்தரும் திறக்காமல் நாள்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தாள். பச்சை விளக்கு அணையவே இல்லை.

அதற்கப்புறம்தான் மாமனாரிடம் போனாள். டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவில் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னவரிடம் போய் அதைப் பொய் என்று திரும்பத் திரும்பச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"மாமா, நீங்க சொன்னதுதான் சரி. நீங்க பாத்துக்கிட்டு இருந்ததாலதான் அது சாவாம இருந்துச்சி. தப்பு என் பேர்ல. நாங்கதான் ஒங்களப் போட்டு அலைக்கழிச்சிட்டோம்."

அசன் மைதீன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தோஷம் வரும் என்று ஹம்னா எதிர்பார்த்தாள். வரவில்லை. கன்னம் மெல்ல ஒட்டிக்கொண்டு போவது போல இருந்தது.

"அப்ப நான் அன்னைக்கு வீட்டுல இருந்து பாத்துக்கிட்டு இருந்திருந்தா அவளும் இருந்திருப்பா."

"ஐயோ மாமா, அது வேற. இது கம்ப்யூட்டரு."

"நீதான தாயி சொன்ன, பாத்தா சாவாதுன்னு."

"இதச் சொன்னேன் மாமா. அதுவும் இனிமே வேண்டாம். நான் சரி பண்ணிட்டேன். இனிமே ஒருத்தரும் பாக்காட்டாலும் நிக்கும். நீங்க நிம்மதியா ஜும்ஆவுக்குப் போவலாம், ஒறங்கலாம்."

"சரி தாயி" என்றார். மண்டியில் விலை படியாத ஆளிடம் சொல்கிற சரி அது. ஹம்னாவுக்கு அந்த வித்தியாசம் அப்போது உறைக்கவில்லை. ஷம்ஸியா டேப்பைத் திருப்பிக் கொடுத்தாள். பழைய ஆணியில் பழையபடி மாட்டினார்கள். அவர் மாத்திரை சாப்பிட்டார், உறங்கினார், பள்ளிவாசலுக்குப் போனார். போகும்போது டேப்பை அணைத்துவிட்டுத்தான் போவார், ஆளில்லாமல் விளக்கு எரிவது வீண்விரயம் என்பார். தேறிவிட்டார் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பள்ளிவாசலிலிருந்து திரும்பியதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் முன்னறைக்குள் எட்டிப் பார்ப்பதை மட்டும் அவர் விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. மழை விட்டு, வெயிலே வந்துவிட்டது. தெருவில் எல்லா மாடியிலும் துணி காய்ந்தது. மலைப் பக்கம் மட்டும் கறுப்பாக மூடிக் கிடந்தது, அது யாருக்கும் பொருட்டாகப் படவில்லை. அசன் மைதீன் குளித்து, அத்தர் பூசி, டேப்பை அணைத்துவிட்டு, "வந்துருதேன் தாயி" என்று ஜும்ஆவுக்குப் போனார். ஹம்னா நெய்ச்சோற்றுக்குப் பட்டை கிராம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது.

முதலில் அவளுக்கே புரியவில்லை. நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கிற அந்தி நேரம் தவிர அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழக்கமில்லை. பட்டப்பகல், நல்ல வெயில், எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி துணியை உதறியபடி அப்படியே நின்றாள். ஹம்னா பின்வாசலுக்கு ஓடினாள். வாய்க்காலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பூவரச இலை மேற்குப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கிழக்கே ஓடுகிற வாய்க்கால் அது.

அடுப்பை அணைத்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது முன்னறைச் சுவரைப் பார்த்தாள், டேப் இருட்டாக இருந்தது. தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவாக அடித்துக்கொண்டு போனாள். "சங்கு பொய்யில்ல, மேட்டுத்தெருவுக்கு ஏறுங்க! பாலத்துக்கு யாரும் போவாதிய!" பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவளோடு பின்சந்து வழியாக ஏறினார்கள். ஒருத்தி ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துத் திண்டில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது கீழத்தெருவின் கோடியில் தண்ணீர் மினுங்கியது. பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆண்கள் தொப்பியோடு ஏறி வந்தார்கள். யாரோ அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "ஒன் சங்கு ஊரக் காப்பாத்திட்டு தாயி, நீ நல்லாயிருப்ப." அவள் காதில் ஏறவில்லை. வருகிற ஆண்களின் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக முஆத் வந்தார்.

"மாமா எங்க காக்கா?"

"மாமாவா? சங்கு ஊதுனதும் மொதல்ல எந்திரிச்சது அவியதான. செருப்பக் கூடப் போடல. நீயும் பிள்ளையும் வீட்டுல இருக்கியளேன்னு ஓடுதாவன்னு நெனச்சேன். இங்கன வரலையா?"

"நான் பின்சந்து வழியா ஏறிட்டேனே..."

மாமனாரின் போனுக்கு அடித்தாள். ஜும்ஆவுக்காக அணைத்து வைத்திருந்தது, அணைந்தே இருந்தது. போனில் ஆற்றுப் பக்கத்தைத் திறந்தாள். தண்ணீர் அளவு கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. மூலையில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்ற வரிக்குக் கீழே பேர்கள். அவள் பேர். சார்ஜாவிலிருந்து யாசர். பத்தமடையிலிருந்து ஷம்ஸியா. பள்ளிக்கூடத்தில் நிற்கிற நாலைந்து பேர். எல்லாருக்கும் கீழே, மாமா.

டேப் சுவரில் இருக்கிறது. வரும்போது இருட்டாக இருந்தது. இப்போது யாரோ அதைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, மங்க விடாமல் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"வீட்டுல இருக்காவ காக்கா! சங்கு நின்னுரக் கூடாதுன்னு பாத்துக்கிட்டு இருக்காவ! வேண்டாம்னு சொல்லுங்க, யாராச்சும் போய்ச் சொல்லுங்க!"

முஆதும் இன்னும் இரண்டு பேரும் சரிவில் இறங்கி ஓடினார்கள். தெருமுனைத் தண்ணீர் அவர்களை இடுப்பளவில் பிடித்துச் சுவரோடு தள்ளியது. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு திரும்ப ஏறினார்கள். அங்கே நின்றபடியே முஆத், பாங்கு சொல்கிற தொண்டையால், "மைதீன் மாமோய்" என்று கூப்பிட்டார். சங்குச் சத்தத்தில் அது தெருமுனையைக் கூடத் தாண்டவில்லை.

ஹம்னா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும், கண்ணை இமைக்காமல் அந்தப் பேரையே பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்தது.

பேர் போயிற்று. அதற்குமேல் இருந்த பேர்கள் அப்படியே இருந்தன.

"கரண்டு போயிருக்கும்" என்றார் முஆத். நனைந்த கைலியோடு பக்கத்தில் வந்து நின்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். "கரண்டுதான் தங்கச்சி. மோடம் அணைஞ்சிருக்கும்."

மோடம் இருப்பது முன்னறையில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், தொடை உயரத்துக்கு இருக்கிற அலமாரியில். ஹம்னா அதைச் சொல்லவில்லை.

பள்ளிவாசல் பேட்டரியில் சங்கு ஊதிக்கொண்டேயிருந்தது. யார் பார்க்காவிட்டாலும் அது நிற்காது. அவள்தான் அப்படிச் செய்து வைத்திருந்தாள்.